ஒன்பதாயிரம் போட்ட கவர்

— “ஸ்டாம்புக்குக் காசு தர்றீங்க, எங்கப்பா எழுதின விலாசத்துக்கு என்ன தருவீங்க?”ன்னு ஒரு சின்னப் பொண்ணு உன்கிட்ட கேட்டிச்சாமே, அக்கா?

— உனக்கு யாருடா சொன்னது?

— நீயேதான். ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியறப்ப மூணு தடவை சொன்னே. நர்சம்மா ஏதோ மந்திரம்னு நினைச்சுட்டாங்க.

— பேச்சை மாத்தாதே தம்பி. பத்து நாள் பார்த்துக்கோன்னு உன்னை நம்பி இந்தப் பழைய ஸ்டாம்புக் கடைச் சாவியைக் குடுத்தேன். இந்த மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருந்த கவர் எங்கே?

— முதல்ல உட்காரு, தையல் பிரிஞ்சுடப் போகுது. எனக்கு ஒரு சந்தேகம். அதே ஸ்டாம்பு அந்த டப்பாவுல கொட்டிக் கிடக்கு. ஒரு பிடி அள்ளி டீ குடிக்கற காசுக்கு விக்கறே. கவர்ல ஒட்டினதுக்கு மட்டும் ஒன்பதாயிரமா? தையக்காரன் நான் இப்படி விலை சொன்னா, என் ஊசியாலேயே என்னைக் குத்துவாங்க.

— விலை ஸ்டாம்புக்கு இல்லடா, அதுமேல விழுந்த முத்திரைக்கு. வெள்ளத்தப்போ நிவாரண முகாமுக்குன்னு ஒரு தபால் ஆபீஸ் போட்டாங்க. பதினோரு நாள்தான் இருந்துச்சு. அந்த முத்திரை விழுந்த கவரை விரல் விட்டு எண்ணிடலாம். அதுவும் முழுசா இருக்கணும். முத்திரை பாதி ஸ்டாம்பு மேலயும் பாதி கவர் மேலயும் இருக்கும். பிரிச்சா ரெண்டும் குப்பை.

— அது சரி. எங்க தொழில்ல வெட்டினாத்தான் காசு, உங்க தொழில்ல வெட்டினாப் போச்சு.

— அதை வித்தது அந்தப் பொண்ணோட அம்மா. வெள்ளத்துல படகு ஓட்டப் போய், முகாமுலேருந்து லெட்டர் போட்ட புருஷன் திரும்பி வரலை. வீட்டுல அடுப்பு எரியலை. லெட்டரை எல்லாம் மடியில வச்சுக்கிட்டு, வெறும் கவருங்களைக் கட்டா நீட்டினாங்க. அதுல ஒரு கவர்ல இந்த முத்திரையைப் பார்த்ததுமே எனக்கு மதிப்பு தெரிஞ்சு போச்சு. தெரியாத மாதிரி ஸ்டாம்புக்கு உள்ள சில்லறையை மட்டும் எண்ணி வச்சேன். அப்பதான் அந்தப் பொண்ணு கேட்டிச்சு.

— நீ என்ன சொன்னே?

— கடை சாத்தற நேரம்னு சொன்னேன்.

— அக்கா...

— மறுநாள் அந்தக் கவர்ல இருந்த விலாசத்துக்கே தேடிப் போனேன். வீட்டைக் காலி பண்ணிட்டாங்க.

— அப்படின்னா பெட்டியில பூட்டி வைக்க வேண்டியதுதானே? எதுக்கு விக்கற சாமான் மாதிரி இங்கே?

— என்னிக்காவது அவங்க இந்தப் பக்கம் வந்தா கண்ணுல படணும். ஆனா வேற யார் கைக்கும் போகக் கூடாது. அதுக்குத்தான் அந்த விலை. யாராவது ஆசைப்பட்டு விசாரிச்சா, மறுநாளே விலையை ஏத்திடுவேன். இருபத்திரண்டு வருஷமா சாமிகிட்ட எனக்குன்னு வேற எதுவும் கேட்டதில்லை. சொல்லு, வித்துத் தொலைச்சுட்டியா?

— செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். எடுத்துக் காட்டச் சொன்னாங்க. வர்றவங்க எல்லாம் ஸ்டாம்பைப் பார்ப்பாங்க. இவங்க ஸ்டாம்பை விரலால மூடிக்கிட்டு விலாசத்தைப் படிச்சாங்க. “எங்கப்பா ‘வ’ எழுதினா வாத்து நீந்தற மாதிரி இருக்கும்”னு சொல்லிச் சிரிச்சாங்க. கண்ணு மட்டும் சிரிக்கலை.

— ஆண்டவனே. குடுத்துட்டியா?

— குடுத்தேன், வாங்கலை. “ஒன்பதாயிரம் போட்டிருக்கு. எங்கம்மா காசு வாங்கிக்கிட்டு வித்த பொருளை நான் ஓசியில எடுத்துட்டுப் போனா அவங்களுக்குத்தான் இழுக்கு”ன்னாங்க. திருப்பி வச்சுட்டாங்க.

— நடந்ததைச் சொல்லியிருக்கலாமே. எங்க அக்காதான் ஏமாத்தினான்னு சொல்லியிருக்கலாமே.

— அது எனக்கு இப்பதானே தெரியும்? “பார்த்ததே போதுங்க”ன்னு பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க.

— போகவிட்டுட்டியா தம்பி?

— கடையில வேற யாரும் இல்லை, அக்கா. கத்திரிக்கோலை எடுத்து, ஸ்டாம்பு இருந்த மூலையை முத்திரையோட சேர்த்து நறுக்கிட்டேன். “இனிமே இது பழைய பேப்பர்மா, விலை கிடையாது”ன்னு மிச்சத்தை நீட்டினேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க.