ஒரு சின்ன ஆப்பு

அக்கா, நான் நேரத்துக்குச் சாப்பிடறேன், அதை நினைச்சுக் கவலைப்படாத. பேசப் பேச போனே எழுதிக்குது, எழுத்து தப்பா வந்தா கோச்சுக்காத.

மாமாவோட கேஸ் நாளைக்கு மறுபடி வருது. மரம் அறுக்குற மெஷின் செஞ்ச கம்பெனி மேல போட்டிருக்கோமே, அதான். அறுத்து முடிச்சதும் ஒரு மூடி தானா வந்து பிளேடை மூடிக்கணும். அன்னைக்கு மூடல, மாமா கை போச்சு. உனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த மூடி வேலையை இழுக்கும்க்கா. திறந்தே நிக்கட்டும்னு நான் ஒரு மரத்துண்டைச் சொருகி வைப்பேன். மாமா பார்த்துட்டுச் சிரிச்சாரு. "என்ன மாப்ள, மெஷினுக்கே ஆப்பா? கடைசியில எனக்கு வச்சிடாதடா, எடுத்துடு." "எடுத்துட்டேன் மாமா"ன்னேன். எடுக்கணும்னுதான் இருந்தேன்.

சத்தம் கேட்டு ஓடினேன். முதல்ல ஆப்பை உருவினேன், அப்புறம் கையைக் கட்டினேன். ரெண்டும் அவசரம்தானே.

கோர்ட்டுல நம்ம தமிழை அவங்க பாஷையில மாத்திச் சொல்ற அம்மா கேட்டாங்க: "மூடி தானா மாட்டிக்கிச்சா, யாராவது மாட்டி வச்சாங்களா?" "மாட்டிக்கிச்சு"ன்னேன். மாமா என்னையே பார்த்தாரு.

வேற யாருக்கும் இப்படி ஆனதே இல்லன்னாரு கம்பெனி வக்கீல். இன்னொருத்தருக்கு ஆகியிருந்தா கேஸ் நிக்கும்னாரு நம்ம வக்கீல். பட்டறையில அதே மாதிரி இன்னொரு மெஷின் இருக்கு. அதுல வேலை பார்க்கிறவன் வாயாடி. ஞாபகமிருக்கா, ஆஸ்பத்திரியில மாமாவுக்கு ஊட்டி விட்டானே, அவன்தான். போனா இடது கையிலதான் போகும்னு யோசிச்சுத்தான் அதுலயும் ஆப்பைச் சொருகினேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லக்கா. விரலோட போச்சு.

ஆஸ்பத்திரியில அவனைப் பார்த்துட்டு மாமா வெளிய வந்து கேட்டாரு: "இவன்கிட்டயும் எடுத்துட்டேன்னு சொன்னியா மாப்ள?" நாளைக்குக் கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லப் போறாராம்.

சொன்னா என்னை உள்ள தூக்கி வச்சிடுவாங்க. உங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது. நீ ஒரு வார்த்தை சொன்னா மாமா கேப்பாரு. தன் கை போனப்பவே வாயைத் திறக்காதவரு, அடுத்தவன் விரலுக்கு எதுக்குத் திறக்கணும்? உங்களுக்காகத்தானே செஞ்சேன்.

உன்னை யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு. மாட்டிக்கிச்சு.