மேல் பாலத்துக்குப் போற வண்டி

மேல் பாலத்துக்குத்தான் தம்பி, ஞாபகம் இருக்கு. படக ஏத்தும்போதே மூணு தடவ சொல்லிட்டீங்க. பாலத்துக்குக் கீழ ஒரு தீவு, தீவுக்கு இடது கைப் பக்கம் கூழாங்கல்லுத் திட்டு, அந்தத் திட்டுல முட்டைக்குக் காவல் நிக்கிற பெரிய பெரிய சின்னவாயன் பாஸ் மீனுங்க. எவனோ வீடியோவுல காட்டிட்டான், நீங்க வாஷிங்டன்ல இருந்து இருட்டோட கெளம்பி வந்துட்டீங்க. அதானே? பெல்ட்டப் போட்டுக்கங்க. கொஞ்சம் முறுக்கி இழுத்தாத்தான் மாட்டும்.

போனப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் வராது. சும்மா சாஞ்சு உக்காருங்க. இருபத்தாறு வருஷமா இந்த ஷெனாண்டோவா ஆத்துல நம்ம பொழப்பு இதான். ஆளையும் படகையும் மேல கொண்டுபோய் இறக்கி விட்டுருவேன், அவங்க மீன் புடிச்சுக்கிட்டே மெதந்து வந்து சாயங்காலம் நம்ம கடைப் படித்துறையில ஏறுவாங்க, அங்க நிக்கிற கார எடுத்துட்டுப் போய்ட்டே இருப்பாங்க. நடீன் அக்கா வண்டின்னு சொன்னா இந்தப் பள்ளத்தாக்குல நாய் கூட நகந்து வழி விடும்.

தூண்டில் எத்தன கொண்டாந்தீங்க? ஏழா. சரி. இல்ல, ஒண்ணும் சொல்லல. மீனுக்கு வாய் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்.

ஆமா, புடிச்சு விட்டுருவீங்களா, இல்ல வறுக்கறதுக்கா? விட்டுருவீங்க. அதானே பாத்தேன், தொப்பியிலயே எழுதியிருக்கு. இல்ல தம்பி, கேக்கணும். எங்க ஊர்ல ரெண்டே சாதிதான். விடுறவங்க ஒண்ணு, வறுக்கறவங்க ஒண்ணு. சர்ச்சுல கூட ஒண்ணா உக்கார மாட்டாங்க.

விடுறவங்களுக்குத் தலைவரு வென்டெல். பல் டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. முப்பது வருஷம் ஊர்க்காரன் வாயத் தொறந்து பாத்துட்டு இருந்தாரு, இப்ப மீன் வாயத் தொறந்து பாத்துட்டு இருக்காரு. கைய நனைச்சுக்காம மீனத் தொட மாட்டாரு. வலை கூட ரப்பர் வலை, செதில் நோகாதாம். நீங்க மீன் புடிச்சேன்னு சொன்னீங்கன்னா அவருக்கு மூஞ்சி சுருங்கிடும். சந்திச்சேன்னுதான் சொல்லணும். இன்னிக்குக் காலையில பத்தொம்பது அங்குலம் ஒண்ண சந்திச்சேன் நடீன்னு வந்து நிப்பாரு. அது இவரச் சந்திக்கணும்னு கேட்டுச்சான்னு யாரும் கேக்கறதில்ல. விடறதுக்கு முன்னாடி நெத்தியில ஒரு முத்தம் வேற. கட்டுன பொண்டாட்டிக்கு அப்படிக் குடுத்து நான் பாத்ததில்ல.

வறுக்கறவங்களுக்குத் தலைவன் என் அண்ணன் ஹோபர்ட். அவன் யாரையும் சந்திக்கறதில்ல, நேரா சோளமாவுல பெரட்டி வாணலிதான். ஒரு ஆளுக்கு அஞ்சு மீன்தான் சட்டம். இவன் தனக்கு அஞ்சு, பொண்டாட்டிக்கு அஞ்சு, நாலு வருஷமா படுத்த படுக்கையா கெடக்கற மாமியாருக்கு அஞ்சுன்னு புடிப்பான். அந்தம்மாவுக்குப் பல்லே கெடையாது. கேட்டா, நான் சாப்புட்டா மீன் ஒரு தடவ சாகுது, உங்க டாக்டரு ஒரே மீன பத்துத் தடவ குத்திக் குத்திச் சாகடிக்கறாரும்பான். அதுலயும் ஒரு ஞாயம் இருக்கறதுதான் எரிச்சல்.

போன வருஷம் டாக்டரோட வண்டிக்குப் பின்னாடி இவன் ஒரு வாணலி ஸ்டிக்கர ஒட்டிட்டான். மனுஷன் ஒரு வாரம் அதோடயே சுத்திருக்காரு. அப்பறம் கண்டுபுடிச்சு, ஹோபர்ட் மீன் கழுவுற மேடையில ஒரு சின்னச் சிலுவை நட்டு, பக்கத்துல பூங்கொத்து வச்சுட்டாரு. ரெண்டும் அறுபது தாண்டுனதுங்க.

புடிச்சுக்கங்க, இங்க குலுக்கும். என்னது? இந்தக் கோழிப்பண்ணைய முன்னாடியே பாத்த மாதிரி இருக்கா? இந்தப் பக்கம் எல்லாக் கோழிப்பண்ணையும் அப்படித்தான் தம்பி, தகரக் கூரை, அதே நாத்தம். கண்ணாடிய ஏத்திக்கங்க.

எங்க விட்டேன்? ஆங், மார்ச்சு மாசம். தீயணைப்பு நிலையத்துல கூட்டம் போட்டாங்க. மீன்துறையில இருந்து டெஸ்ஸான்னு ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. படிச்ச பொண்ணு, படமெல்லாம் போட்டுக் காட்டுச்சு. மூணு வருஷமா மே மாசம் வெள்ளம் வந்து முட்டையெல்லாம் அடிச்சுட்டுப் போச்சு, ஆத்துல இப்ப இருக்கறதெல்லாம் வயசான மீன், குஞ்சே இல்ல, இந்த வருஷமும் பொரிக்கலன்னா அப்பறம் நீங்க சண்ட போட மீனே இருக்காதுன்னு சொல்லுச்சு. சட்டமெல்லாம் வேணாம், நீங்களா ஒத்துக்கங்க, மே மாசம் மூணு வாரம் முட்டைத் திட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க. அவ்வளவுதான் கேட்டுச்சு.

அன்னிக்குத்தான் தம்பி எங்க ஊரு ஒத்துமையப் பாத்தேன். வென்டெல் எந்திரிச்சு, நாங்கதான் விட்டுடறோமே, எங்கள எதுக்குத் தடுக்கணும்னாரு. ஹோபர்ட் எந்திரிச்சு, டாக்டரு சொல்றது கரெக்டுன்னான். நான் பொறந்ததுல இருந்து அவன் வாயில அந்த வார்த்தைய கேட்டதில்ல. இது எங்க ஆறு, எங்க ஆத்தோட ரத்தம், வெளியாளுங்க வந்து சொல்லித் தர வேணாம்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசறாங்க. கேக்கறவங்க கை தட்டுறாங்க. இந்த மீனே இந்த ஆத்து மீன் கெடையாது தெரியுமா? எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல எவனோ ரயில் எஞ்சின் தண்ணித் தொட்டியில போட்டு இந்தப் பக்கம் கொண்டாந்து விட்டது. ஆத்தோட ரத்தம்னு இவங்க சொன்ன லட்சணத்தப் பாத்தீங்கள்ல.

கடைசியில கை தூக்கச் சொன்னாங்க. வேணாம்னு நாப்பத்தோரு கை. அதுல என்னோடதும் ஒண்ணு.

ஏன்னா? மே மாசம்தானே தம்பி நமக்கு வருமானம். மூணு வாரம் மூடிட்டா யார ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டறது? பொய் சொல்ல மாட்டேன், நல்லா ஒசரமாவே தூக்கினேன். அந்தப் பொண்ணு டெஸ்ஸா ஒவ்வொரு கையா எண்ணிக்கிட்டே வந்து, என்னப் பாத்ததும் ஒரு நிமிஷம் நின்னுச்சு. வரும்போது நம்ம கடையிலதான் காப்பி குடிச்சுட்டு வந்திருந்துச்சு.

அப்பறமா? அப்பறம் ஒண்ணும் இல்ல. போன வாரம் திங்கக்கெழம, மேல் பாலத்துல டாக்டர இறக்கி விட்டேன். வழக்கமா உடனே திரும்பிடுவேன். அன்னிக்கு ரேடியேட்டர் சூடாயிடுச்சு, ஆறட்டும்னு பாலத்து மேல நின்னேன். தரைப்பாலம்தான், குனிஞ்சா தண்ணிய தொட்டுடலாம். தண்ணி அன்னிக்குக் கண்ணாடியா இருந்துச்சு. எனக்கு நேர் கீழ ஒரு கூடு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கல்ல வாலாலயே பெருக்கிச் சுத்தமா வச்சிருக்கு, நடுவுல முட்டை. ஆம்பள மீன்தான் காவல். பொம்பள மீன் முட்டைய வச்சுட்டு அது பாட்டுக்குப் போய்டும், நல்ல ஏற்பாடு. இது மட்டும் சாப்பாடு தண்ணி இல்லாம அங்கயே நின்னு துடுப்பால முட்டைக்கு விசிறிக்கிட்டு, உள்ளங்கை அளவு வேற சாதிப் பொடி மீனுங்க பக்கத்துல வந்தா வெரட்டி வெரட்டி அடிக்குது. இருபத்தாறு வருஷமா அந்த ஆத்துக்கு ஆளக் கொண்டுபோய் விடறேன், அதை நான் பாத்ததே இல்ல.

டாக்டரு தூண்டில அது மேலயே போட்டாரு. அதுக்குப் பசி கெடையாது தம்பி. எவனோ வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு கடிச்சுச்சு. தூக்கிட்டாரு. கைய நனைச்சாரு. அளந்தாரு. தொப்பியோட ஒரு போட்டோ, தொப்பி இல்லாம ஒரு போட்டோ. நடீன், அங்கருந்தே ஒண்ணு எடுன்னாரு, நானும் எடுத்தேன். முத்தம் குடுத்தாரு. எல்லாம் சேத்து நாலு நிமிஷம் இருக்கும். நான் கீழ பாக்கறேன், அந்தப் பொடி மீனுங்க முப்பது நாப்பது வந்து கூட்டுக்குள்ள எறங்கிடுச்சு. பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா. அவரு புள்ளையத் தொட்டில்ல போடற மாதிரி அத மெதுவா தண்ணியில விட்டாரு. பாத்தியா நடீன், எப்படித் துள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போகுதுன்னாரு.

போச்சு. நேரா கூட்டுக்குத்தான் போச்சு. பொடிசுங்கள வெரட்டிட்டு, நடுவுல நின்னு விசிற ஆரம்பிச்சுச்சு. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் கல்லு. அதுக்கு விசிறிக்கிட்டு நின்னுச்சு. எனக்கு அழுக வந்துடுச்சு. அம்பத்தெட்டு வயசுல, ஒரு மீனுக்கு, பாலத்து மேல நின்னு. வெக்கக்கேடு. வண்டி ஆறுன அப்பறமும் முக்கா மணி நேரம் நின்னேன், அது நகரவே இல்ல.

டாக்டர்கிட்ட சொன்னேன். நான் விட்டுட்டேனேன்னாரு. ஹோபர்ட்கிட்ட சொன்னேன். அப்ப அத வறுத்திருக்கலாம்னான்.

சரி விடுங்க. வந்தாச்சு, எறங்குங்க. துடுப்பு பின்னாடி இருக்கு, பாத்து எடுங்க, கதவுல பிசிறு இருக்கும்.

பாலமா? பாலம் இங்க இல்ல. அது இங்கருந்து ஆறு மைல் மேல இருக்கு, தீவும் அங்கதான். தண்ணிக்கு எதிரா அவ்வளவு தூரம் துடுப்புப் போட முடியாது, முயற்சி பண்ணாதீங்க, நடுவுல ரெண்டு எடத்துல பாறை. ஆமா, முக்கா மணி நேரம் ஓட்டினேன்தான். அந்த மலைய ரெண்டு சுத்து சுத்துனேன். பேச்சுல நீங்க கவனிக்கல.

கத்துங்க, கத்தலாம், காசு குடுத்திருக்கீங்க. உங்க கார் கடையிலதான் நிக்குது, எடுத்துட்டு நீங்களே மேல போகலாம். ஆனா கடைக்கு இந்த ஆத்து வழியாத்தான் போய்ச் சேரணும், அதுக்கு சாயங்காலம் ஆயிடும். வழியில மீன் நெறய இருக்கு. எல்லாம் பொம்பள மீன், முட்டை வச்சு முடிச்சு வேல வெட்டி இல்லாம சுத்துதுங்க. தாராளமா சந்திங்க. முத்தம் கூடக் குடுங்க.

இப்படி வழி மாத்தி எறக்கி விட்டது உங்களோட சேத்து பதினோரு பேரு. டாக்டரு மொத நாளே கண்டுபுடிச்சுட்டு என் வண்டியில ஏறறத விட்டுட்டாரு, ஹோபர்ட் பேசறதில்ல. நாலு பேரு இன்டர்நெட்டுல எழுதிட்டாங்க, வழி தெரியாத கெழவி, அந்த வண்டியில ஏறாதீங்கன்னு. இந்த வாரத்துக்கு வரேன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேரு வரல. நீங்களும் எழுதுங்க தம்பி, நடீனுக்கு ரெண்டு சுழி ன, தப்பா போட்டுடாதீங்க. மிச்சக் கூட்டுல இருக்கற குஞ்சுங்க தனியா நீந்த இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் எனக்கு வழி தெரியாது.