நாய்த்தீவுக் காற்று

இப்போதெல்லாம் நாயைக் கண்டால் ஜனங்கள் முதலில் பெயரைக் கேட்கிறார்கள். வண்டி இழுக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கிரீன்லாந்து வரைக்கும் வந்து, சங்கிலியில் கிடக்கும் நாயைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறார்கள். அவர்களிடம் நான் பேசுவதில்லை. நேற்று நடந்தது நடக்காதிருந்தால் இதையும் சொல்லியிருக்க மாட்டேன்.

முழங்கால் முட்டி விட்டுப்போனதும் என் பதினோரு நாய்களையும் மருமகன் ஆக்கலுவுக்குக் கொடுத்தேன். முன்னால் ஓடும் பெட்டை மிக்கியைக் குட்டியில் சீல் கொழுப்பை மென்று ஊட்டி வளர்த்தவன் நான். நாள் முழுக்க ஓடினாலும் மறுநாள் காலையில் சங்கிலியை அறுக்கப் பார்க்கும். அப்படி ஒரு வெறி.

ஏப்ரலில் அவனுடைய சறுக்குவண்டியில் போனேன். உறைந்த கடலில் ஒரு விரிசல். நான் வலது பக்கம் போகச்சொல்லிக் கத்தினேன். அவன் மெல்ல விசிலடித்தான். மிக்கி இடது பக்கம் போனது. இடதுதான் சரி, அதை மறுக்கவில்லை. அன்று காபிக்குக் கூடியிருந்தவர்கள் முன்னால் ஆக்கலு சொன்னான்: "மாமா குரல அது மறந்துடுச்சு. இனிமே மாமா வண்டியில மூட்டையாதான் வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும்.

கோடையில் பனி இல்லை, நாய்க்கு வேலையும் இல்லை. ஊருக்கு எதிரே உள்ள தீவில் விட்டுவிடுவோம். மூன்று நாளைக்கு ஒரு தரம் படகில் மீன் கொண்டுபோய்ப் போடவேண்டும். ஆக்கலு மீன்பிடிக் கப்பலில் போனபோது அந்த வேலையை என்னிடம் விட்டான்.

முதல் தரம் போனேன். கரைக்கு ஓடிவந்த மிக்கி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் அவனைத் தேடியது. ஒரு வேளை பட்டினி கிடந்தால் யார் கை என்று தெரிந்துகொள்ளும் என்று நினைத்தேன். மீனைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு இரண்டு நாள் காற்று. அது உண்மை. அதற்கப்புறம் கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஊளை கேட்டது. சாத்தினேன். பதினாறாம் நாள் கேட்கவில்லை. மீனை அள்ளிக்கொண்டு போனேன்.

மூன்று மிச்சமிருந்தன. மற்றவற்றை அவையே தின்றிருந்தன. மிக்கி என்று கூப்பிட்டேன். வயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் கையை நக்கியது. அந்தக் கையால் அன்று நான் சாப்பிடவில்லை.

காற்றில் படகு எடுக்க முடியவில்லை என்று ஊரில் சொன்னேன். ஆக்கலு திரும்பிவந்து, தீவிலிருந்து எட்டுக் கழுத்துப்பட்டைகளை ஒரு வாளியில் கொண்டுவந்து கழுவினான்.

நேற்று மிக்கியைக் கட்டியிருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். என்னைக் கண்டதும் அது சங்கிலி இறுக எழுந்து வாலாட்டியது.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. இப்ப உங்க குரலுக்குத்தான் வருது."

"காத்து ரெண்டு நாள்தான் அடிச்சுது," என்றேன்.

"தெரியும். நானும் அந்தக் கடல்லதான இருந்தேன்."

சங்கிலியை நீட்டினான். நான் வாங்கவில்லை. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குத் தீவில் என் குரலுக்கு வந்ததா, கையிலிருந்த மீன் வாடைக்கு வந்ததா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.