தானியேலை எழுப்புகிறவள்

அன்று காலை அங்கே இருந்தவர்கள்:

தானியேல். நாற்பதை நெருங்குகிறவன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன், ராத்திரி ஷிப்டு. பகலில் வீட்டு வாசலில் பாய் போட்டுத் தூங்குவான். காலையிலேயே வேலைக்குப் போய்விடும் அவன் பெண்டாட்டி ஆரோக்கியமேரி, அவன் இன்னும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

செங்கம்மாள். ஒட்டிய வீடு. எழுபதைத் தாண்டிய பழவேற்காட்டுக்காரி. கம்பெனி கேட்டில் கருவாடு விற்பாள். ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் மகன் பரசுராமனுக்கு அது மானக்கேடு. அதனால் காலையில் போகும்போது தாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஆத்திர அவசரத்துக்கு ஒரு சாவியைத் தானியேலிடம் கொடுத்து வைத்திருந்தான்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு பூட்டு, பக்கத்தில் ஒரு சன்னல். வருஷம் எழுபத்தெட்டு, சித்திரை மாசம்.

செங்கம்மாள்: ...டேய் தானியேலு. எவ்ளோ நேரமா சன்னல் கம்பியத் தட்டிக்கினு கீறேன்.

தானியேல்: இப்பதான் ஆயா கண்ண மூடினேன்.

செங்கம்மாள்: நீ மூடினது ஆறு மணிக்கி. பால்காரன் உன்னத் தாண்டிக்கினுதான் போனான். ஏந்திரி. எம் மவன் அப்பவே போயிட்டான்.

தானியேல்: ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்துக்கீறேன். கொஞ்சமாச்சும்...

செங்கம்மாள்: நின்னே, நின்னே. தொற.

தானியேல்: பொங்கலுக்கு அப்பறம் ரெண்டு மாசம் கூப்புடாமதான இருந்தே? நிம்மதியா தூங்கினேன். இப்ப மறுபடியும் தெனம் பேஜாரு.

செங்கம்மாள்: அப்ப முட்டி வலி. ஊட்டோட கெடந்தேன்.

தானியேல்: இப்ப?

செங்கம்மாள்: இப்ப வலி உனுக்கு மாறிடுச்சி.

தானியேல்: ...இன்னா சொல்றே?

செங்கம்மாள்: சாவி தலகாணிக்கு அடியில கீதுன்னு சொல்றேன். எடு.

தானியேல்: உம் மவன் நேத்து என்னைப் புடிச்சிக்கினான் ஆயா. ஊடு பத்திக்கினா மட்டும்தான் தொறக்கணுமாம். சத்தியம் பண்ணச் சொன்னான்.

செங்கம்மாள்: பண்ணியா?

தானியேல்: பண்ணேன். பைபிள் மேல.

செங்கம்மாள்: உள்ள வந்து பாரு. சித்திரை வெயிலுக்கு ஓடு பத்திக்கினுதான் எரியுது.

தானியேல்: அவன் கஷ்டமும் அவனுக்கு கீதுல்ல. ஆபீஸ்ல அவனை 'கருவாட்டுக்காரி புள்ள'ன்னு கூப்புடறாங்களாம்.

செங்கம்மாள்: கருவாட்டுலதான் பி.யூ.சி. படிச்சான். அதையும் சேத்து சொல்லச் சொல்லு... செரி, அந்த டிபன் டப்பாவக் குடு. இன்னிக்கி இன்னா?

தானியேல்: எலுமிச்ச சோறு. மேரி உனுக்குன்னுதான் கட்டினா.

செங்கம்மாள்: எனுக்குன்னா ராத்திரியே எதுக்கு உங்கிட்ட குடுத்து அனுப்பறா? ராத்திரி மிஷின்ல நிக்கறவன் ஒரு பருக்கை தொடாம கொண்டாந்து கெயவிக்கு குடுக்கறான். நானும் துன்னுக்கினேதான் பாக்கறேன்.

தானியேல்: பசிக்கறதில்ல ஆயா.

செங்கம்மாள்: ராவெல்லாம் ரயிலு ஸ்டேஷன் பெஞ்சில குந்திக்கினு இருந்தா எப்படிப் பசிக்கும்?

தானியேல்: ...யாரு சொன்னாங்க?

செங்கம்மாள்: நான் எங்க கருவாடு விக்கறேன்? உன் கம்பெனி கேட்டுல. வாச்மேன் பச்சையப்பன், 'உங்க தானியேலு ஏன் வர்றதில்ல'ன்னு என்னையே கேக்கறான். ஜொரம்னு சொல்லி வெச்சேன்.

தானியேல்: மேரிகிட்ட...

செங்கம்மாள்: சொல்றவளா இருந்தா உன் சோத்தைத் துன்னுக்கினு இத்தினி நாளு வாய மூடிக்கினு இருப்பனா? உங்கூட மிஷின் ஓட்டினானே ராமலிங்கம், அவன் விரலு போச்சே, அதா?

தானியேல்: ரெண்டு விரலு. துணில சுத்தி எடுத்துக்கினு போனாங்க. மிஷினைத் தொடச்சிட்டு மேஸ்திரி என்னைக் கூப்ட்டாரு. 'நீ நில்லு'ன்னாரு. தொடச்ச எடம் காயவே இல்ல.

செங்கம்மாள்: நின்னியா?

தானியேல்: விடியற வரைக்கும் நின்னேன். மறுநாளும் போனேன். டீ குடிக்க வெளிய வந்தேன்... திரும்பி உள்ள போவ காலு வரல. அவ்ளோதான்.

செங்கம்மாள்: ம்.

தானியேல்: நீயா இருந்தா போயிருப்பே. உனுக்குப் பயமே கெடையாது.

செங்கம்மாள்: யாரு சொன்னது? ஏரில எறங்கி கையாலயே எறா தடவிப் புடிக்கறதுல எங்க குப்பத்துலயே நாந்தான் மொத ஆளு. எம் புருஷன் படகு கவுந்து போனப்பறம் அந்தத் தண்ணில காலு வெச்சதில்ல. இன்னிக்கி வரைக்கும் வெச்சதில்ல.

தானியேல்: நீயா?

செங்கம்மாள்: நாந்தான். காலு வரல. உனுக்கு மட்டும்தான் காலு கீதா?

தானியேல்: அப்பறம் இன்னா பண்ணே?

செங்கம்மாள்: கரையில குந்திக்கினு கருவாடு போட்டேன். தண்ணி பக்கமே போவ வேணாம் பாரு.

தானியேல்: ...

செங்கம்மாள்: சிரிச்சே.

தானியேல்: இல்ல.

செங்கம்மாள்: சிரிச்சே. எனுக்கு இங்கருந்தே தெரியுது... மேஸ்திரியாண்ட பேசிக்கீறேன்.

தானியேல்: யாரு, நீயா?

செங்கம்மாள்: அவனுக்கு வாளைக் கருவாடு இல்லாம சோறு எறங்காது. ஒரு வாரமா கூடைக்கு அடியில ஒளிச்சி வெச்சிக்கினு 'தீந்துபோச்சி'ன்னேன். நேத்து தானா வந்து, 'இன்னா ஆயா கோவம்'னான்.

தானியேல்: அந்தாளா? என்னை அந்த எடத்துல நிக்க வெச்சதே அந்தாளுதான்.

செங்கம்மாள்: நல்லவன்னு நான் சொல்லல. கருவாடு துன்றவன்னு சொன்னேன். பேக்கிங்ல ஆளு வேணுமாம். பகல் ஷிப்டு. மிஷின் பக்கமே போவ வாணாம். இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள கேட்டாண்ட வந்து நிக்கணுமாம். வரலன்னா பேரை அடிச்சிடுவானாம்.

தானியேல்: பகல் ஷிப்டா...

செங்கம்மாள்: ஆமா.

தானியேல்: வாணாம் ஆயா.

செங்கம்மாள்: ஏண்டா?

தானியேல்: நான் பகல்ல போயிட்டா உன்னை யாரு தொறப்பா? சாயந்திரம் அவன் வர்றதுக்குள்ள யாரு பூட்டுவா? நாலு செவுத்துக்குள்ளயே கெடந்து செத்துடுவே.

செங்கம்மாள்: அதான் காரணமா?

தானியேல்: அதான்.

செங்கம்மாள்: பொய்யி.

தானியேல்: பாதிதான் பொய்யி.

செங்கம்மாள்: பொய்யான பாதிய நீ பாத்துக்க. மெய்யான பாதிய நான் பாத்துக்கறேன். போயி மூஞ்சி கழுவு. அந்தச் சட்டைய மாத்து. ஸ்டேஷன் நாத்தம் அடிக்குது.

தானியேல்: மொதல்ல உன்னைத் தொறந்து...

செங்கம்மாள்: சொன்னதச் செய்யி நைனா. உன் ஊட்டையும் பூட்டிக்கினு வா.

தானியேல்: ...கழுவிட்டேன். இது போதுமா? மேரி துவைச்சி வெச்ச சட்டை.

செங்கம்மாள்: மாப்ள கணக்கா கீறே. ராமலிங்கத்தை ஒரு நாளாச்சும் போய்ப் பாத்தியா?

தானியேல்: இல்ல.

செங்கம்மாள்: ஞாயித்துக்கெயம போலாம். நானும் வரேன்.

தானியேல்: செரி, நவுரு. சாவி எடுத்துக்கினு வந்துக்கீறேன். தொறக்கறேன்.

செங்கம்மாள்: அத ஜோபில வையி.

தானியேல்: ஏன்?

செங்கம்மாள்: வையேன்.

தானியேல்: ஆயா, கம்பி நடுவுல கைய வுடாத, மாட்டிக்கும்... எங்க கொண்டு போறே, அது பூட்டு... கையில இன்னா அது?

செங்கம்மாள்: சாவி.

தானியேல்: ...தொறந்துடுச்சி.

செங்கம்மாள்: தொறக்காம இன்னா பண்ணும்? பஜார்ல கொடை ரிப்பேரு பண்றான் பாரு, அவன் ராவினது. பொங்கலப்போ ஒரு நாளு நீ சாவியப் பூட்டுலயே வுட்டுட்டுத் தூங்கிட்டே. கொண்டு போயி அவன்கிட்ட காட்டினேன். தள்ளு, கூடை வருது.

தானியேல்: பொங்கலப்போவா? அப்ப அந்த முட்டி வலி...

செங்கம்மாள்: முட்டிக்கு ஒரு கேடும் இல்ல. ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றவனை எழுப்பக் கூடாதுன்னு நானே தொறந்துக்கினு போனேன், நானே வந்து உள்ள நின்னு கம்பி வழியா பூட்டிக்கினேன்.

தானியேல்: அப்பறம் எதுக்கு மறுபடியும் தெனம் என்னை எழுப்பினே?

செங்கம்மாள்: இரு, கதவச் சாத்தறேன்... இந்தப் பூட்டு கொஞ்சம் மொரண்டு பண்ணும்... வுயுந்துடுச்சி. இழுத்துப் பாரு.

தானியேல்: பூட்டிக்கினுச்சி. கேட்டதுக்குப் பதில் சொல்லு ஆயா.

செங்கம்மாள்: காலையில ஏந்திரிக்கறதுக்கு வேற இன்னாடா இருந்துச்சி உனுக்கு? கூடைய ஒரு பக்கம் புடி. நட.