கழுவிக் கொட்டிய நீர்

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். "கால்ல சக்கரமாடா கட்டியிருக்க?" என்று அக்கா திட்டுவாள்.

ஸ்கேன் எடுக்கும்போது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள் அல்லவா, அது ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்தச் செல்களை வட்டத் தட்டுகளில் வளர்ப்பேன். மருந்தை ஊற்றி ஒரு மணி நேரம் விடுவேன். பிறகு கழுவி எண்ணுவேன். உயிருள்ள செல் தட்டின் அடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். செத்தது பிடியை விட்டு, கழுவிய நீரோடு போய்விடும். ஆகவே அந்த நீரில் இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது விதி.

புது மருந்து வந்த அன்று நான் அந்த நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். சத்தியமாக மறதிதான். தட்டில் மிச்சமிருந்ததை எண்ணினால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு உயிரோடு இருந்தன. பதினோரு வருடமாக என்னை 'அந்தத் தட்டு ஆள்' என்றே சொல்லிவந்த எங்கள் துறைத் தலைவி, எல்லோரையும் கூப்பிட்டு வைத்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன். பத்துக்கு நான்கு செல்கள் கழுவிய நீரில் கிடந்தன. ஆனால் நீங்களே சொல்லுங்கள், ஊரைக் கூட்டிப் பாராட்டியவரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அன்றிலிருந்து வேண்டுமென்றே கொட்டினேன், இரண்டு வருடம். பொய்யாக ஓர் எண்ணைக்கூட எழுதியதில்லை. எண்ணியதைத்தான் எழுதினேன்.

மருந்து ஆஸ்பத்திரிகளுக்குச் சோதனைக்குப் போனது. ஏற்றிக்கொண்டவர்களில் ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே நோயாளிகள். நோய்தான் காரணம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காகிதங்கள் என் மேஜைக்கும் வந்தன. படித்துவிட்டு இழுப்பறையில் வைத்தேன். அன்றைக்கும் இப்படித்தான், இருப்புக்கொள்ளாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்கேனுக்குப் பழைய மருந்தா, சோதனையில் இருக்கும் புது மருந்தா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எனக்குப் போன் செய்தாள்.

"டேய், புதுசு நீ பாத்த மருந்தாமே. போட்டுக்கலாமாடா?"

"தாராளமா போட்டுக்கக்கா."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று ஆரம்பித்தால் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். தன் தம்பி பெரிய ஆராய்ச்சி செய்கிறான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நானும் அத்தானும் நின்றோம். சக்கர நாற்காலியை உள்ளே தள்ளப் போகும் நேரத்தில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நிஜமாவே ஒண்ணும் ஆகாதுல்லடா?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் இருக்கேன்ல."

மாலைக்குள் கை வீங்கிவிட்டது. மறுநாள் சிறுநீர் நின்றது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அத்தானிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நேராக என்னை இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துவந்தார்.

அக்காவைக் கொன்றது நான்தான். அந்த ஆறு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. என்னிடம் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவள் இரண்டு தடவைதான் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன்.