வெளியே போகாத தண்ணீர்

பிலோமினா: நாற்பத்தோரு மணி நேரம் ஆச்சு. போதும், பக்கெட் மூடியைத் திற.

தேவஸ்ஸி: அவசரப்படாதே சேச்சி. மூடி தட்டினாலே கலங்கிடும்.

பிலோமினா: சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் படிகாரம் போட்டோம். இப்போ திங்கள் பதினொண்ணு. நடுவுல யாரும் தொடலையே?

தேவஸ்ஸி: யார் தொடப் போறா? நகைப் பட்டறைச் சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு.

பிலோமினா: நீ தொட்டியான்னு கேட்டேன்.

தேவஸ்ஸி: நான்... இல்ல. நீ?

பிலோமினா: ஞாயித்துக்கிழமை எனக்கு இங்க என்ன வேலை? திறடா.

தேவஸ்ஸி: வந்து பாரு.

பிலோமினா: ...மாதாவே. அடி தெரியுதே.

தேவஸ்ஸி: சனிக்கிழமை கரி கரைச்ச மாதிரி இருந்தது. ஆறு நாள் மூணு பேர் கை கழுவின தண்ணி. இப்போ பாரு, டம்ளர்ல பிடிச்சுக் குடிக்கலாம் போல...

பிலோமினா: குடிச்சுத் தொலைக்காதே. உன் வயித்தை அப்புறம் யார் உருக்குறது?

தேவஸ்ஸி: அந்த ப்ளம்பரைக் கூட்டி வந்து காட்டணும். என்ன சொன்னான் அவன்?

பிலோமினா: சுவத்துல ஒரு ஓட்டை போதும், ஒரே ஒரு பைப், அரை நாள் வேலை, நேரா ஓடையில விட்டுடலாம்னான்.

தேவஸ்ஸி: நீ என்ன சொன்ன?

பிலோமினா: எங்க சிங்க்ல இருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாதுன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். பைப் வராது, பைப் போகாது, அப்புறம் எதுக்கு அது சிங்க்கு, பொம்மையான்னு கேட்டான்.

தேவஸ்ஸி: பொம்மைதான். கல்யாண மண்டபம் இடிச்ச இடத்துல எடுத்த தொட்டி. மேல ஒரு கேன், கீழ வரிசையா மூணு பக்கெட். பழைய தையல் மெஷினோட மிதி. மிதிச்சா கயிறு இழுக்கும், குழாய் திறக்கும். காலை எடுத்தா மூடிக்கும்.

பிலோமினா: முதல் நாள் நம்ம பாலிஷ்கார லோனப்பன் மிதிச்சான் பாரு. கையை நீட்டிக்கிட்டு... தண்ணி வந்ததும் அப்படியே நின்னுட்டான். குழாயைத் தொடவே இல்லையே, எப்படி வந்ததுன்னு கேட்டான். நாலு தடவை மிதிச்சான்.

தேவஸ்ஸி: நீ எட்டு தடவை மிதிச்ச.

பிலோமினா: சரியா வேலை செய்யுதான்னு பார்த்தேன்.

தேவஸ்ஸி: பார்த்தியே, எட்டு தடவை. ஒழுங்கா சொல்லு, நல்லா இருந்ததுதானே?

பிலோமினா: ...நல்லா இருந்தது. ஏழு வருஷமா இந்த மாடிக்குத் தண்ணின்னா கிணத்துல இறைச்சுப் படி ஏறணும். கை கழுவணும்னா கீழ தென்னை மரத்தடிக்கு இறங்கணும். இப்போ கேன் மட்டும் காலையில ஒரு தடவை நிறைச்சா போதும். சாப்பிடப் போறப்போ நான் சும்மா ஒரு தடவை மிதிச்சுட்டுப் போறேன்.

தேவஸ்ஸி: தெரியும். சத்தம் கேட்கும்.

பிலோமினா: சரி, டியூபைப் போடு. மணி ஆகுது. நாலு மணிக்கு நகைக்கடை முதலாளி வந்துடுவாரு.

தேவஸ்ஸி: முதல் பக்கெட்தான் முக்கியம். கனமானது எல்லாம் அதுலயே உட்காரும். தப்பினது மேல் துளை வழியா ரெண்டாவதுக்குப் போகும், அதுலயும் தப்பினது மூணாவதுக்கு. இந்தா, நான் வாயால இழுக்குறேன், நீ அந்த முனையைப் பிடி...

பிலோமினா: வந்துச்சா?

தேவஸ்ஸி: ம்ம்... ம்...

பிலோமினா: வாய்க்குள்ள போச்சா? துப்பாதே. ஜன்னல் பக்கம் போகாதே. பக்கெட்ல துப்பு.

தேவஸ்ஸி: ...த்தூ. கூடப் பிறந்த தம்பி மாதிரி வளர்த்தேன்னு சொல்லுவ. விஷத் தண்ணியை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறேன், பக்கெட்ல துப்புங்கிற.

பிலோமினா: உன் எச்சில்ல எவ்வளவு தங்கம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்.

தேவஸ்ஸி: சிரிக்காதே, கை ஆடுது... போகுது பாரு, தெளிஞ்சது மட்டும். அப்படியே பிடி.

பிலோமினா: லோனப்பன் எங்க?

தேவஸ்ஸி: கீழ படியில உட்கார்ந்திருக்கான். பையைக் கட்டிக்கிட்டு வந்துட்டான்.

பிலோமினா: எதுக்குப் பை?

தேவஸ்ஸி: கேட்டேன். எப்படியும் சாயங்காலம் போகச் சொல்லப் போறீங்க, அப்புறம் ஒரு தடவை வந்து எடுக்க வேண்டாமேன்னான்.

பிலோமினா: மேல வரச் சொல்ல வேண்டியதுதானே.

தேவஸ்ஸி: வர மாட்டேங்கிறான். பக்கெட்டைத் திறக்குறப்போ நான் பக்கத்துல இருந்தா, நானே போட்டேன்னு சொல்லுவாங்கன்னான்.

பிலோமினா: ...டியூபை அந்தப் பக்கம் சாய்.

தேவஸ்ஸி: சேச்சி, வீட்டுக்குள்ள எதுக்கு முக்காடு?

பிலோமினா: காதுல புண்ணு. காத்து படக் கூடாது.

தேவஸ்ஸி: கம்மல்?

பிலோமினா: கழட்டி வச்சிருக்கேன். ஈர்க்குச்சி சொருகியிருக்கேன். உன் மோதிரம் எங்க? விரல்ல வெள்ளையா தடம் மட்டும் இருக்கு.

தேவஸ்ஸி: இறுக்கமா ஆயிடுச்சு. உன் வீட்டு மீன் கறி.

பிலோமினா: நேத்து முதல் பூசைக்கு உன்னைக் காணோம்.

தேவஸ்ஸி: ரெண்டாம் பூசைக்குப் போனேன். போதும், டியூபை எடு, சேறு வர ஆரம்பிக்குது.

பிலோமினா: துணியைப் பிடி. மூணு பக்கெட் சேறும் இதுலயே ஊத்து.

தேவஸ்ஸி: இவ்வளவுதான். ஒரு பிடி கறுப்புச் சேறு. வழியில மிதிச்சா காலைக் கழுவிட்டுப் போயிடுவோம்.

பிலோமினா: இரும்புச் சட்டியில போட்டு அடுப்புல வை. தண்ணி வத்தட்டும்.

தேவஸ்ஸி: சேச்சி, ஒண்ணு கேட்கட்டா? இதுல ஒண்ணும் இல்லைன்னா?

பிலோமினா: இருக்கும்.

தேவஸ்ஸி: இல்லைன்னா?

பிலோமினா: முதலாளி தெளிவா சொல்லிட்டாரு. ஓணம் கழிஞ்சதுல இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நகை திரும்பப் போறப்போ, வழக்கமான சேதாரம் போக அரை கிராம் குறையுது. லோனப்பன் பாலிஷ் போட வந்ததும் ஓணம் கழிஞ்சுதான். தங்கம் எங்க போகுதுன்னு காட்டு, இல்ல அவனை அனுப்பு, ரெண்டும் இல்லைன்னா இனி தங்கம் தர மாட்டேன். இதுதான் சொன்னாரு.

தேவஸ்ஸி: அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.

பிலோமினா: சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மேஜை மேல கவுத்துக் காட்டினான். கப்பைக் கிழங்கும் மிளகாயும். வீட்டுல பொட்டுத் தங்கம் இல்லாதவன், அதனால எடுத்திருப்பான்னு அவர் சொல்றாரு. பொட்டுத் தங்கம் இல்லாதவன், எடுத்திருந்தா எங்கடா அதுன்னு நான் கேட்கிறேன்.

தேவஸ்ஸி: எனக்கும் முதல்ல சந்தேகம்தான்.

பிலோமினா: தெரியும்.

தேவஸ்ஸி: அப்புறம் நீதான் சொன்ன, அவன் கையைப் பாருன்னு.

பிலோமினா: ஆமா. முன்னாடி இருந்த கொச்சாப்பு வருஷம் பூரா கை கழுவ மாட்டான். ஒரே துண்டுல துடைப்பான். அந்தத் துண்டு நிறுத்தி வச்சா தானா நிக்கும்.

தேவஸ்ஸி: சாயா டம்ளரைக் கூட அதுல துடைச்சுத் தருவான்.

பிலோமினா: வருஷக் கடைசியில அந்தத் துண்டை எரிச்சு உருக்குவோம். கையில ஒட்டினது எல்லாம் துண்டுல இருந்து திரும்பி வந்துடும். இவனுக்கு வீட்டுல மூணு மாசக் குழந்தை. பாலிஷ் கறுப்போட குழந்தையைத் தொடக் கூடாதுன்னு ஒவ்வொரு நகைக்கும் ஒரு தடவை கழுவுறான். எல்லாம் தென்னை மரத்தடியில.

தேவஸ்ஸி: அழுக்கா இருந்தவன் யோக்கியன். சுத்தமா இருக்கிறவன் திருடன்.

பிலோமினா: அதுக்குத்தானே இந்தப் பொம்மையைக் கட்டச் சொன்னேன்... நாத்தம் வருது பாரு. மெழுகு எரியுது. ஜன்னலைத் திற. விசிறாதே, பொடி பறந்துடும்.

தேவஸ்ஸி: வத்திடுச்சு. சாம்பலா ஆயிடுச்சு.

பிலோமினா: காந்தத்தை மேல ஓட்டு. அரத்தோட இரும்புத் துகள் வரட்டும்.

தேவஸ்ஸி: மீசை மாதிரி ஒட்டுது.

பிலோமினா: மீதியை உருக்குற மூசையில கொட்டு. கசடு பிரிய வெங்காரம் இன்னும் கொஞ்சம். ம்... தீயைப் பிடி.

தேவஸ்ஸி: பிடிச்சாச்சு.

பிலோமினா: கறுப்பாவே இருக்கே.

தேவஸ்ஸி: பொறு.

பிலோமினா: கொதிக்குது. வெறும் கண்ணாடிக் குழம்பு மாதிரி...

தேவஸ்ஸி: பொறுன்னேன்... சேச்சி.

பிலோமினா: பார்க்குறேன்.

தேவஸ்ஸி: தங்கம் கண் முழிக்குது.

பிலோமினா: ஒண்ணு... இல்ல, அங்க இன்னொண்ணு. ஓடிப் போய் அதோட ஒட்டுது பாரு. இன்னொண்ணு. எங்கிருந்துடா வருது இதெல்லாம்?

தேவஸ்ஸி: எல்லாம் ஒண்ணா ஆயிடுச்சு. உருளுது. சூரியன் மாதிரி... பேசாம இரு, பேசாம இரு.

பிலோமினா: நான் பேசல.

தேவஸ்ஸி: இருபது வருஷமா தங்கத்தோட இருக்கேன். கட்டியை உருக்கியிருக்கேன், துண்டுச் சாம்பலை உருக்கியிருக்கேன். தண்ணியில இருந்து வந்து நான் பார்த்ததில்ல.

பிலோமினா: கை கழுவின தண்ணி, தேவஸ்ஸி. நம்ம ஊர்ல எத்தனை பட்டறை... எத்தனை தென்னை மரத்தடி.

தேவஸ்ஸி: தீயை அணைக்கிறேன். ஆறட்டும்.

பிலோமினா: கசடைத் தட்டு. தராசுல வை. நீ வேண்டாம், நான் வைக்கிறேன்... ஒரு கிராம் இருக்குமா...

தேவஸ்ஸி: ஒண்ணே கால். நல்லாப் பாரு. ஒண்ணே கால் கிராம்.

பிலோமினா: ...ஆமா. ஒண்ணே கால். என்னடா முகம் இப்படி ஆயிடுச்சு?

தேவஸ்ஸி: உன் முகம் மட்டும் என்ன. போன வாரமும் குறைஞ்சது அரை கிராம்தானே?

பிலோமினா: அரைதான். நானே நிறுத்திக் கொடுத்தேன்.

தேவஸ்ஸி: அப்போ அரைதான் வரணும்.

பிலோமினா: நல்லதுதானே. கூட வந்திருக்கு.

தேவஸ்ஸி: நல்லதில்ல, சேச்சி. முதலாளி வந்து இதைப் பார்த்தா என்ன சொல்லுவாரு? குறைஞ்சது அரை, வந்தது ஒண்ணே கால். பயந்து போய் முன்னாடி எடுத்ததையும் சேர்த்துத் திருப்பிப் போட்டுட்டான்னு சொல்லுவாரு. ஒண்ணுமே வராம இருந்திருந்தா சந்தேகத்தோட நின்னிருக்கும். இது அவனைத் திருடன்னே ஆக்கிடும்.

பிலோமினா: ...கொஞ்சத்தை எடுத்து வச்சுட்டு அரையை மட்டும் காட்டினா?

தேவஸ்ஸி: எந்த அரையை? அது அவன் கையில இருந்து வந்ததுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாம அவன் முகத்தைப் பார்த்து இரு, போகாதேன்னு சொல்ல என்னால முடியாது.

பிலோமினா: ஏன் தெரியாது?

தேவஸ்ஸி: ஏன்னா... உட்காரு.

பிலோமினா: நிக்கிறேன். சொல்லு.

தேவஸ்ஸி: சனிக்கிழமை ராத்திரி மறுபடி வந்தேன். மோதிரத்தை உள் பக்கமா அராவி, அந்தப் பொடியை முதல் பக்கெட்ல போட்டேன்.

பிலோமினா: தேவஸ்ஸி.

தேவஸ்ஸி: ஒண்ணும் வரலைன்னா அவன் போயிடுவான். மூணு மாசக் குழந்தை. அவனை முதல்ல சந்தேகப்பட்டவன் நான். அதான்.

பிலோமினா: எவ்வளவு போட்ட?

தேவஸ்ஸி: அரை கிராம். சரியா அரை.

பிலோமினா: திருட்டுத்தனமா போடுறப்போ கூட நிறுத்தியா போட்ட?

தேவஸ்ஸி: நிறுக்காம போடக் கை வரல. சிரிக்கிறியா அழுவுறியா?

பிலோமினா: கணக்குச் சொல்லு.

தேவஸ்ஸி: ஒண்ணே கால்ல என் அரையைக் கழிச்சா முக்கால் நிக்குது. அதுதான் எனக்குப் புரியல. தண்ணி அரையைத் திருப்பித் தந்திருந்தா சரி, அவன் நிரபராதி, நான் ஊரைக் கூட்டிச் சொல்லுவேன். ஆனா முக்கால். கையில இருந்து போனதை விட அதிகமா கை கழுவின தண்ணியில எப்படி வரும்?

பிலோமினா: வராது.

தேவஸ்ஸி: அப்போ இந்தக் கால் கிராம்?

பிலோமினா: லோனப்பனை மேல கூப்பிடு. பையைக் கீழயே வச்சுட்டு வரச் சொல்லு.

தேவஸ்ஸி: கணக்கு முடியாம எப்படிக் கூப்பிடுறது?

பிலோமினா: முடிஞ்சிருச்சுடா. கால் கிராம் என்னோடது.

தேவஸ்ஸி: ...என்ன?

பிலோமினா: காதுல புண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து விடியக்காலையில வந்து கம்மல் திருகாணியை அராவிப் போட்டேன். நானும் நிறுத்திட்டுத்தான் போட்டேன். மிச்சம் இருக்கிற அரை அவன் கையில ஒட்டியிருந்தது.