ஒன்பதாவது ஆள்

நீங்கள் வாங்கித் தந்த டீ நன்றாகத்தான் இருந்தது, சார். ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். சாந்தன்பாறைக்காரன் டீயில் ஏலக்காய் போட மாட்டான். நாள் முழுக்க அதையே மோந்துகொண்டிருப்பவனுக்கு டீயாவது டீயாக இருக்க வேண்டும். எதையாவது கூடச் சேர்த்தால் ருசி கூடிவிடும் என்று நம்புகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். எழுதச் சொல்லி ஒரு கட்டுத் தாள் தந்தீர்கள். நான்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லத் தெரிந்தவனுக்கு நான்கு போதும்.

என் பெயர் அமிர்தநாதன். ஏலத் தோட்டத்து ஆபீஸில் கிளார்க். முன்பெல்லாம் டிவியில் கேசட் சொருகி விளையாடுவோமே, அந்தப் பழைய டிவி கேம் பெட்டிக்கு வீட்டில் உட்கார்ந்து புதிதாக விளையாட்டு எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் வெத்துவேட்டு. அதன் சாதாரணக் கேசட்டில் நாற்பது கேபிதான் இடம். உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோவில் நூறில் ஒரு பங்கு. திரையில் ஒரே வரிசையில் எட்டு உருவம் நகரலாம். ஒன்பதாவது வந்தால் பெட்டி அதைக் காட்டாது. இந்த நெருக்கடிக்குள் ஒன்றைச் செய்து காட்டுகிறவன் கலைஞன். கேசட்டுக்குள் கூடுதலாக ஒரு சிப்பை ஒட்டி இடத்தைப் பெருக்கிக்கொள்கிறவன் பிட் அடித்துப் பாஸானவன்.

ஜின்சன் பிட் அடித்தான். விஷயம் அவ்வளவுதான்.

அவனும் எங்கள் தோட்டம்தான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை. அவன் அம்மா அன்னாள் களை எடுக்கப் போகிறவர். இன்டர்நெட்டில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடும் இடத்தில் புனைபெயரில் ஒருவனோடு நான்கு மாதம் சண்டை போட்டேன். ஒருநாள் இருவரும் ஒரே நிமிடத்தில் ‘கரண்ட் போயிருச்சு’ என்று எழுதினோம். மறுநாள் ஜின்சன் ஆபீஸ் வாசலில் வந்து நின்று சிரித்தான். அதன்பிறகு சண்டை பூப்பாறை டீக்கடைக்கு இடம் மாறியது.

“வரம்பு இருந்தாத்தான்டா மூளை வேலை செய்யும்” என்றேன் ஒருநாள்.

“எங்கம்மாவுக்குப் பொறந்ததுலருந்து வரம்புதாம்ணே. லயத்துல ஒத்த ரூமு, ஒத்த பல்பு. அதுல என்ன கலை வந்துச்சு? வரம்ப ஆசைப்பட்டு வச்சுக்கிடுறதெல்லாம் ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்கார்றவுகளுக்குத்தான். எனக்கு வேணும்னா இன்னொரு சிப்பு வைப்பேன். வேணாம்னா வைக்க மாட்டேன்.”

கடையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எவன் முதலில் சிரித்தான், எல்லாம் நினைவிருக்கிறது. கோபம் மட்டும் எனக்கு வரவில்லை. அரைகுறைகளிடம் கோபப்படுவது என் வழக்கமில்லை.

பிறகு அந்த இன்டர்நெட் கூட்டத்தில் ஒரு போட்டி வந்தது. கூடுதல் சிப் கூடாது, நாற்பது கேபி, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். என்னுடையது போடிமெட்டு வளைவுகளில் லாரி ஓட்டும் விளையாட்டு. ஆறு வருட உழைப்பு. அவன் மூன்றே மாதத்தில் ஒன்றைச் செய்திருந்தான். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பார்க்கப் போனேன். ஸ்டோரில் அவனைத் தவிர ஆளில்லை. முன்னறையில் சின்ன டிவியில் போட்டுக் காட்டினான். மலை, மஞ்சு, கூடை சுமந்த பெண்கள் ஒரே வரிசையில் நடந்து போகிறார்கள். எண்ணினேன். பதினொரு பேர். ஒருத்தி கூட மறையவில்லை, மினுங்கவில்லை.

“எப்படிடா?”

“நீங்களே கண்டுபிடிங்கண்ணே. ஆறு மணிக்கு அனுப்பிட்டுச் சொல்றேன்.”

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, சிப்.

தட்டுகளில் காயைக் கிளறிவிட அவன் சூட்டறைக்குள் போனான். சூட்டுக்குப் பயந்து போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் போவான். அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வெளியேதான். அதனால் எங்கள் ஸ்டோர்களில் ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்துமுன் ‘ஆளிருக்கா’ என்று மூன்று தடவை உரக்கக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் தாழ் போடலாம். நான் ஆபீஸ்காரன், இருந்தாலும் வழக்கத்தை மதித்தேன். மூன்று தடவை கேட்டேன். “இருக்கேண்ணே” என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை, “இருக்கேங்கிறேன்லண்ணே” என்று சிரித்தான். தாழைப் போட்டேன்.

ஆறு மணி வரைக்கும் என்றுதான் நினைத்தேன். அனுப்ப முடியாமல் போகட்டும், பிட் அடித்தவனுக்கு அந்தத் தண்டனை போதும். அறையைச் சூடாக்க வெளியிலிருந்து விறகு போடும் அடுப்பு தணிந்திருந்தது. காயின் பச்சை கெட்டுவிடக் கூடாதே என்று நான்கு கட்டை போட்டேன். கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். தட்டினான், கூப்பிட்டான், திரும்பவும் தட்டினான். புதிதாக ஒன்றும் இல்லை. உள்ளே இரும்புத் தட்டுகள் இருந்தன, மேலே காற்றுப்போக்கி இருந்தது, நேரமும் இருந்தது. இருப்பதை வைத்து வழி கண்டுபிடிப்பதுதானே திறமை. இன்னும் நான்கு கட்டை போட்டுவிட்டு, கேசட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் விளையாட்டை அனுப்பினேன். சாப்பிட்டுப் படுத்தேன்.

ஆறரைக்கு வந்து திறந்தேன். தட்டு ஒன்றின் கம்பியை முறித்து அதால் கதவின் கீலை நெம்பியிருந்தான். இரண்டு திருகு வெளியே வந்திருந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. யோசனை மோசமில்லை. தொடங்கியதுதான் தாமதம்.

அடக்கத்தன்று அன்னாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்புள்ள கூப்ட்டுருப்பானே ஐயா, ஒருத்தருக்குமா கேக்கல?” என்றார். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் பக்கம் ஆள் வர மாட்டார்களே அம்மா என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆக, கதவைச் சாத்தியது நான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்து சாத்தினேன். விறகு போட்டதும் நான்தான். இதை மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

உங்கள் கம்ப்யூட்டர் ஆள் நேற்று என்னவோ சொன்னார். என் வீட்டிலிருந்து எடுத்த கேசட்டைத் திறந்தாராம், கூடுதல் சிப் எதுவும் இல்லையாம். பதினொரு பெண்களும் பின்னணிப் படத்திலேயே வரையப்பட்டவர்களாம், அந்த ஒரு பட்டையை மட்டும் அவன் நகர்த்தியிருக்கிறானாம், அதனால் எட்டு என்கிற கணக்கே அங்கே வராதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதினாறு வருடமாக இந்தப் பெட்டியோடு கிடக்கிறேன், சார். எனக்குத் தோன்றாத ஒன்று அந்த நாற்பது கேபியில் நடக்காது.

கேசட்டின் திருகைக் கழற்றி அதை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். நான் உள்ளே பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. நான்காவது தாளும் முடிகிறது. அந்த மூடியை மட்டும் மாட்டி வைத்துவிடுங்கள்.